ஜான்சியின் சீன நோட்டு

ஜான்சி சீன மொழி படிக்கப் போனதற்குப் பெரிய காரணம் ஏதும் கிடையாது. 1997-ல் பி.காம். முடித்ததும், பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் ஜெர்மன் சேரலாமென்று போனாள். பூனாவில் பாதிப் பேர் அதே எண்ணத்தோடு அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பக்கத்துச் சன்னலில் சீன மொழிக்கு விண்ணப்பம் கொடுக்கும் குமாஸ்தா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய் நின்றாள், அவ்வளவுதான்.

சேர்ந்த பிறகுதான் பிடித்துப்போயிற்று. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு வேறொன்று என்று முறை தவறாமல் வைத்திருக்கிற சனங்களைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் என்று தோன்றிவிட்டது. எல்லாரையும் அங்கிள் என்று கூப்பிட்டுக் கணக்கு முடிக்கிற இங்கிலீஷின்மேல் அவளுக்கிருந்த மதிப்பு அன்றைக்கே பாதியாகக் குறைந்தது. கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தை ஐம்பது தடவை எழுதுவாள். கேள்கர் மேடம் சிவப்பு மையில் சுழித்துத் தரும் 'நன்று'க்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

வீடு கட்கியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா இன்னாசிக்கு அங்கே இருபத்தாறு வருஷ சர்வீஸ். இராணுவத்துக்குக் குண்டு செய்கிற இடம் என்பது ஊருக்கே தெரியும். உள்ளே இன்னாசி என்ன செய்கிறார் என்பது மட்டும் பெண்டாட்டி செல்வமேரிக்கும் தெரியாது. கேட்டால் "டூட்டி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்தத் தொழிற்சாலை வாசலில் ஒரு வழக்கம் உண்டு. தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக் கூடாது. மறந்துபோய்ப் பையில் இருந்துவிட்டால், சோதனைக்காரர் கை வைக்கும் முன் தானே எடுத்து நீட்டிவிட வேண்டும். நாலு திட்டோடு போகும். அவர் கையில் அகப்பட்டால் வேலையே போகும். எதிர்வீட்டு இஸ்மாயிலின் சட்டைப் பை ஓரத்தில் ஒரே ஒரு தீக்குச்சி அகப்பட்டது. மாசம் முடிவதற்குள் அவர் குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏரவாடாவுக்கு டெம்போ ஏறியது. அன்றிலிருந்து இன்னாசிக்கு, கேட்பதற்கு முன் சொல்லிவிடுவது என்பது இரத்தத்திலேயே ஊறிவிட்டது. கோயில் சாமியாரே சலித்துக்கொள்ளும் அளவுக்கு வாராவாரம் பாவசங்கீர்த்தனம் செய்வார்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். அதையொட்டிப் பேப்பரில் தினமும் எதிரி நாடு என்று சீனாவின் பெயர் அடிபட்டது. குவார்ட்டர்ஸில் பொம்பளைகள் ஜான்சியைப் பார்த்து, "இன்னும் அந்தப் பாஷைதான் படிக்கிறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஜான்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலையில் இடம், வலம், முன், பின் என்ற பாடம் வந்தது. உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பதை வரைந்து நாலு வரி எழுதுங்கள் என்றார் மேடம். சொன்னதைச் செய்கிற பிள்ளை ஜான்சி. வீடு, மாதா கோயில், ரயில் பாதை, தொழிற்சாலையின் நீளச் சுவர், கேட் எல்லாவற்றையும் வரைந்தாள். கேட்டில் நிற்கும் காவலாளிகளைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சீனத்தில் பெயர் எழுதினாள். இருபது வயசுப் பெண்ணுக்கு மூளை எங்கே மேயப் போயிருந்ததோ.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் நோட்டைக் காணோம். பஸ்ஸில் எடுத்துப் புரட்டிய ஞாபகம் இருந்தது. மறுநாள் டிப்போவில் விசாரித்தாள், இல்லை என்றார்கள். யார் கையில் கிடைத்திருக்கும்? போலீஸ் கையிலா? கேட் படம், பக்கத்தில் சீன எழுத்து. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அப்பாவுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அதற்கு மேலும் என்னென்னவோ நடக்கும். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றில் கை அப்படியே நின்றது. இரண்டு நாள் தாங்கினாள். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

இன்னாசி திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அது இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனபோது கேள்கர் மேடம் நோட்டை எடுத்து நீட்டினார். பெஞ்சுக்கடியில் கிடந்ததாம். பஸ்ஸில் புரட்டியது வேறு நோட்டு போலிருக்கிறது. படத்தின் கீழே சிவப்பில் 'மிக நன்று' என்றிருந்தது. ஜான்சிக்கு அழுகையே வந்துவிட்டது. வகுப்பில் உட்காராமல் வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, நோட்டு கெடச்சிடுச்சு. எங்கயும் போவல, மேடம்கிட்டயே இருந்துச்சு."

இன்னாசி தலையில் கை வைத்துக்கொண்டார். "காலைலயே செக்யூரிட்டி ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேம்மா."

"இன்னான்னு?"

"என் பொண்ணு சீனாக்காரன் பாஷைல நம்ம கேட்டு படம் வரைஞ்சி, எங்கயோ தொலச்சிட்டான்னு."

செல்வமேரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "உங்கள யாருங்க கேட்டாங்க?"

"கேக்கறதுக்கு மின்னாடி சொல்லிடணும் மேரி."

"அப்ப அத எரிச்சிடலாம். கெடைக்கவே இல்லன்னு இருந்துடலாம்."

"எரிச்சா ஒளிச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கி நோட்டோட ரெண்டு பேரும் போறோம்."

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. படம் வந்த பக்கத்தில் கை நின்றது. என்ன எழுதியிருக்கிறது, படி என்றார் இந்தியில்.

ஜான்சி நோட்டை நேராகத் திருப்பி வைத்தாள். இந்தியிலேயே சொன்னாள். "இது என் வீடு. வலது பக்கம் கோயில். முன்னால் சுவர். சுவருக்குப் பின்னால் அப்பா வேலை செய்கிறார். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்லை."

"அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நான் எப்படி நம்புவது? இங்கே யாருக்கும் இது படிக்கத் தெரியாதே."

உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். அதற்குச் சாட்சி சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் கிடையாது.

அப்போது, இத்தனை வருஷமும் அந்த அறைகளில் "ஜீ ஸாப்" என்பதைத் தவிர வேறு பேசாத இன்னாசி வாயைத் திறந்தார். "நான் உள்ளே என்ன வேலை பார்க்கிறேன்னு அவளையே கேளுங்க ஸாப்."

அதிகாரி கேட்டார். ஜான்சி அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "தெரியாது சார்."

"எந்தப் பிரிவு?"

"தெரியாது."

"ஒரே வீட்டில்தானே இருக்கிறாய்?"

"டூட்டிக்குப் போறேன்னு மட்டும்தான் சொல்லுவார் சார்."

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டில்கூட வாய் திறக்காத ஆள் இவன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிறகு நோட்டை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, வேலையைப் பார் என்றார்.

பிழைத்தோம் என்று ஜான்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னாசி குனிந்து இந்தியில் எழுதினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லாம் எழுதி முடித்த பிறகும் பேனா நிற்கவில்லை. யாரும் கேட்காத ஒரு வரியை அவராகவே கீழே சேர்த்தார். இனிமேல் என் மகள் அந்த வகுப்புக்குப் போக மாட்டாள்.

வேண்டாம்பா என்று சொல்ல இரண்டு நிமிஷம் இருந்தது. அவள் சொல்லவில்லை. பேனாவை வாங்கி அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். வெளியே வந்தபோது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இன்னாசி 2004-ல் ரிடையர் ஆனார். பென்ஷன் ஒழுங்காக வந்தது. குவார்ட்டர்ஸை விட்டு ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜான்சிக்கு ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2006-ல் அங்கே மெஷின் பொருத்தச் சீனாவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷி ஒருவன் கூடவே திரிந்தான்.

ஒரு நாள் மத்தியானம் துபாஷி வரவில்லை. அந்த மூவரில் வயசானவர் கேன்டீனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வயசானவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். பரிமாறுகிறவர் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். வயசானவர் திரும்பவும் அதையே மெதுவாகச் சொன்னார்.

சுடுதண்ணீர் என்றுதான் சொன்னார். அடுத்த மேசையிலிருந்த ஜான்சிக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அவள் ஐம்பது தடவை கட்டத்தில் எழுதியிருக்கிறாள். அப்பா வீட்டில் பத்திரமாக இருக்கிறார், இனி யாரும் யாரையும் எதுவும் செய்ய முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் அந்தச் செக்யூரிட்டி ஆபீஸ் மேசையும் பூட்டிய இழுப்பறையும் கண்முன் வந்து நின்றன.

சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அந்த மனிதர் மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கைகழுவப் போனாள்.