முதல் கொக்கி

பிள்ளையார்பாளையத்தில் புடவைக் கரைகளுக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனை மெஷின் அட்டையில் ஓட்டைகளாகக் குத்தும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓர் ஓட்டைக்கு ஒரு கொக்கி நூலைத் தூக்கும். முன்பு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். டிப்ளமோவில் என் பெஞ்சுக்காரன்.

மெஷினை ஓட்டும் புரோகிராம் நான் பாஸ்கல் மொழியில் எழுதியது. பழசு, ஆனால் ஓடுகிறது. இப்போது வரும் டிசைன் ஃபைல்களைப் படிக்க மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு ஒரு புது ஸ்கிரிப்ட் மொழியைச் சேர்க்கலாம் என்று இருவரும் முடிவெடுத்தோம். எந்த மொழி என்பதில்தான் எல்லாம் நாசமாகப் போனது.

நான் லூவா என்றேன். சின்னது, என் புரோகிராமுக்குள்ளேயே உட்காரும். ஒன்றிலிருந்து எண்ணும். நெசவுக்காரர்கள் கொக்கியை அப்படித்தான் எண்ணுகிறார்கள். அவன் பைத்தான் என்றான். அது பூஜ்யத்தில் தொடங்கும்.

"லூவா எவனுக்குப்பா தெரியும்? நாளைக்கி நீ படுத்துக்கினா நான் யார இட்டாரது?"

"பூஜ்யமாவது கொக்கி எந்தத் தறிலடா இருக்குது?"

"ஒண்ணு கூட்டிக்கினா தீந்துச்சி. இதுக்கு இன்னாமோ குதிக்கிற!"

என்னைக் கேட்காமலே பைத்தானில் எழுதி முடித்தான். கூட்ட வேண்டிய அந்த ஒன்றைக் கூட்ட மறந்தான். பூஜ்யமாவது கொக்கி இல்லாததால், முதல் கொக்கிக்கான ஓட்டை விழவே இல்லை. கரையும் உடலும் சேரும் இடத்தில் நூல் அகலத்துக்கு ஒரு கோடு. ஒரு சாண் நெய்ததும் கவனித்த நெசவுக்காரர், துணியை அறுத்துக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அவர் எதிரிலேயே நான் கத்தினேன். அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊரான வாலாஜாபாத்துக்குப் போய்விட்டான்.

அங்கே டிசைன் போடுகிறான். நன்றாகத்தான் போடுகிறான். ஆனால் அட்டை குத்தும் மெஷின் என்னிடம். அதனால் அதே நெசவுக்காரர் அவன் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி, பஸ் ஏறி, என்னிடம் கொண்டுவருவார். அவன் பூஜ்யத்தில் தொடங்குவானே என்று, வரும் ஃபைலுக்கெல்லாம் ஒன்று கூட்டும்படி என் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். அவனிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

போன வாரம் நெசவுக்காரர் மறுபடி ஒரு சாண் துணியோடு வந்தார். அதே இடத்தில் அதே கோடு.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. எனக்காக அவன் ஒன்று கூட்டியிருக்கிறான். அவனுக்காக நானும் கூட்டியிருக்கிறேன். எண்ணிக்கை இரண்டில் தொடங்கி, முதல் கொக்கி மறுபடி காலி.

"ரெண்டு பேருக்கும் வாய் இல்லியாப்பா?" என்றார் அவர். "ஒரு போன் போட்டா இன்னா, கிரீடம் எறங்கிடுமா? அறுத்தது என் பட்டுதான?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக அட்டை அடித்துக் கொடுத்தேன்.

"அவராண்ட இன்னான்னு சொல்லட்டும்?"

"இனிமே ஒண்ணுலேருந்தே அனுப்பச் சொல்லுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் அட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது.