டீக்கு எதற்கு இத்தனை சிவப்பு

ஒரு டீ பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகவே அதைச் சந்தேகப்படலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் டீத்தூள் வாங்குவது மாமனார்தான். டவுணில் தேரடிப் பக்கம் அவருக்குப் பழக்கமான கடையில் சில்லறையாக வாங்குவார். எவ்வளவு பால் ஊற்றினாலும் அந்த டீயின் சிவப்பு அசையாது. காலையில் அதில் ரஸ்க்கை நனைத்து, இரண்டு வயதாகும் என் மகளுக்கு ஊட்டுவார். இந்த வயதில் டீ எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"நனைச்சுக் குடுத்தா அது டீயாம்மா? ரஸ்க்குல்லா!" என்றுவிட்டார் மாமா.

டீத்தூளில் சாயம் கலப்பதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து அந்த ரஸ்க்கில் ஊறிய சிவப்புதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஒரு நாள் நானே கடைக்குப் போனேன்.

"எஸ்டேட் தூளு தாயி, மோந்து பாருங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"நம்ம மலை மேல இருந்த எஸ்டேட்டத்தான் மூடிட்டாங்களே அண்ணாச்சி?"

"மலை என்ன ஒண்ணா இருக்கு?" என்று சிரித்தார். எந்த மலை என்று மட்டும் சொல்லவில்லை. முகர்ந்து பார்த்தேன். வாசம் நன்றாகவே இருந்தது. அதுவும் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும், வீடியோவில் காட்டியபடி கண்ணாடித் தம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை தூளைப் போட்டேன். பச்சைத் தண்ணீரில் நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடுமாம். சாயம் உடனே கரையுமாம். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது.

மாமாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சத்தமில்லாமல் டப்பாவில் பாக்கெட் தூளை மாற்றி வைத்தேன். மறுநாள் அவர் ஒரு வாய் குடித்தார்.

"என்னம்மா, டீ வெளுத்துக் கெடக்கு, அடுப்புல தீ இல்லையா?" என்று தம்ளரை ஓரமாக வைத்துவிட்டார். மடியில் இருந்த மகள் வாயைத் திறந்தபடி ரஸ்க்குக்குக் காத்திருந்தாள்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எப்பம் செஞ்சு பாத்த?"

"நேத்து மத்தியானம்."

"குழாத் தண்ணிலயா? ஏட்டி, இந்த வெயில்ல மொட்டமாடித் தொட்டித் தண்ணி கொதிக்குல்லா! அதுல டீயே போட்டுரலாம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மண்பானைத் தண்ணீரில் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நிறம் பைய இறங்கியது. மனம் ஆறாமல் பக்கத்தில் பாக்கெட் தூளையும் போட்டேன். அண்ணாச்சி கடைத் தூள்தான் கொஞ்சம் முந்தியது. அது சாயமா, அல்லது தூள் பொடியாக இருப்பதாலா? பாக்கெட் தூளை மட்டும் எதை வைத்து நம்பினேன் என்றும் தெரியவில்லை.

பழைய தூளே டப்பாவுக்குத் திரும்பி வந்துவிட்டது. மாமா பழையபடி ஊட்டுகிறார். ரஸ்க் தின்று முடித்ததும் மகளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

டீத்தூள் நல்லதுதானா என்று உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? நிச்சயமாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கெட்டது என்று தெரிந்தால், மாமா மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.