ஊற்றிய கையும் சொன்ன வாயும்

“அது செல்லாதும்மா” என்று ஃபாதர் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அந்த போனைக் கடலில் வீசியிருப்பேன். அந்தமானில், பாராடாங் படகு ஜெட்டியில், மழையில், ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்திருந்தோம். வண்டியை ஏற்றிப்போக வேண்டிய படகு அக்கரையில் நின்றது. என் மடியில் பிறந்து நாலு மணி நேரமான பெண் குழந்தை, மூக்கில் குழாயோடு.

குழந்தை என்னுடையது இல்லை. ரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியுடையது. தூத்துக்குடிப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். புருஷனுக்குக் கப்பலில் வேலை, அப்போது மெயின்லேண்டில் இருந்தான். ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. குழந்தைக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனால்தான் உண்டு, மழைக்கு ஹெலிகாப்டர் வராது, ரோடுதான் என்றார் டாக்டர். தாய்க்கு ரத்தம் நிறையப் போயிருந்ததால் அவளைக் கட்டிலைவிட்டு அசைக்கவே கூடாது என்றும் சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள்? நான் கிளம்பினேன்.

கிளம்பும் முன் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஞானஸ்நானம் ஆகாமல் பிள்ளை போய்விடக் கூடாது. ஃபாதர் மாயாபந்தர் போயிருந்தார். உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அதனால் ஜெபத்தை அவள் சொன்னாள், தண்ணீரை நான் ஊற்றினேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணமோ கருமாதியோ, மந்திரம் சொல்வது ஐயர், தண்ணீர் வார்ப்பது நாங்கள். சிலோன் தோட்டத்திலிருந்து என் அப்பா அம்மா இங்கே வந்தபோதும் அந்த வழக்கத்தை விடவில்லை. அவள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெம்பில்தான் என்னை அனுப்பினாள்.

நடந்ததை அவளே ஃபாதருக்கு போனில் சொல்லியிருக்கிறாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லாமல் உடனே என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஊற்றுகிற கையும் சொல்கிற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டுமாம். நீங்களே மறுபடி செய்யுங்கள், சீக்கிரம் என்றார்.

நான் பொரிந்து தள்ளினேன். பச்சைப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, இந்த நேரத்தில் உங்கள் சாமி கை யாருடையது வாய் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“சாமி எதுக்கும் கட்டுப்பட்டவர் இல்லம்மா. நாமதான் கட்டுப்பட்டவங்க. ஞானஸ்நானம் மாதிரி ஒரு அருட்சாதனம்னா கண்ணால பாக்குற மாதிரி, கையால தொட்டுக் குடுக்கிறது. இந்த வழியாத்தான் குடுக்கச் சொல்லி நம்மகிட்ட ஒப்படைச்சிருக்காரு.”

நான் திருநீறு பூசுகிறவள், எனக்கு உங்கள் நம்பிக்கை கிடையாது என்றேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திருச்சபை எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் கொடுக்கிறேன் என்று மனசார நினைக்க வேண்டும், வேஷத்துக்குச் சொல்லக் கூடாது என்றார். சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். அதோடு சிக்னல் போய்விட்டது.

மனசார. அங்கேதான் சிக்கினேன். எத்தனையோ கோயிலில் ஒப்புக்குக் கும்பிட்டுவிட்டு வந்தவள்தானே நான். இதில் அப்படித் தப்பிக்க முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதைச் செய்துவிட்டால், சரி, நீ போகலாம் என்று நானே குழந்தைக்கு வாசலைத் திறந்துவிடுவதுபோலத் தோன்றியது. செய்யாவிட்டால் அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வது?

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். கூட வந்த நர்ஸ், மலையாளிப் பெண், என் கையைப் பிடித்துவிட்டாள். “பாகல் ஹோ கயா கியா? பைத்தியமா உங்களுக்கு? குளிர் தாங்காது, செத்துப்போகும்” என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி, சூடேறும்வரை வைத்திருந்தேன். விரலிடுக்கில் பாதி ஒழுகிப்போனது. குழந்தையின் நெஞ்சு ஒரு தடவை நின்று, மறுபடி ஏறியது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே குல்லாயைத் தூக்கிப் பிடித்தாள்.

மூன்று தடவை, சொட்டுச் சொட்டாக. “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” தண்ணீர் நெற்றியில் ஓடிக் காதுக்குப் பின்னால் இறங்கியது. சொல்லி முடித்ததும், ஐயோ, என் வாயிலிருந்து “முருகா” என்று வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்யத் தண்ணீர் ஊற்றினால் குழந்தை தாங்காது. ஃபாதரைக் கேட்கலாம் என்றால் சிக்னல் இல்லை. படகு வந்தது, அக்கரை ஏறினோம். காட்டு ரோடு முழுக்க அந்த ஒரு சொல்லுக்காக என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் குழந்தை போய்விட்டது.

துணியில் சுற்றி ரங்கத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் செய்தது செல்லாது, என்னை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று அதற்குள் ஃபாதர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் குழந்தையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அழவில்லை.

“எக்கா, எப்படிச் சொன்னிய? அப்படியே சொல்லிக் காட்டுங்க.”

சொன்னேன். கொடுக்கிறேன் என்பதோடு நிறுத்தினேன்.

“அவ்வளவுதானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

“கடைசில முருகான்னு சொல்லிட்டேன் புள்ள. வாய் தவறிருச்சு. செல்லுமோ செல்லாதோ, எனக்குத் தெரியாது.”

அவள் குழந்தையின் நெற்றியை விரலால் தடவினாள்.

“நடுங்கிப் போனா உங்க வாயில அதுதானக்கா வரும்” என்றாள். “அப்ப நெசமாத்தான் செஞ்சிருக்கிய.”

எந்தக் கையால் ஊற்றினீர்கள் என்று கேட்டாள். வலது கையை நீட்டினேன். அதை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள்.