டீ மேக்கர் ஐயா பழுது பார்த்த ஆர்கன்

சாக்கு விரித்து, அதன்மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்த வெள்ளைக் கட்டைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து இறங்கிய மறுநாள் அது, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வீட்டு வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் குந்தியிருந்து, ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். மேகம் வெயிலை மறைக்கும்போதெல்லாம் நிமிர்ந்து வானத்தை முறைத்தார். என்னைக் கண்டதும், "பாத்து வாங்க டீச்சரம்மா, மிதிச்சிராதீங்க. ஒண்ணு காணாப் போனாலும் பெட்டி ஊமையாயிரும்" என்றார். வாங்க, எந்த ஊர் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்தான் டீ மேக்கர் ஐயா. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோருக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். கொழுந்து வாடியது போதுமா என்று ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்துச் சொல்வார். அடுப்பில் காயும் தூளை எப்போது இறக்குவது என்று மூக்கால் சொல்வார். கடிகாரத்தை அவர் மதித்து நான் பார்த்ததில்லை. சுதந்திரம் கிடைத்த சில வருடங்களில் பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனபோது, பங்களாவின் பின்னறையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஆர்கனை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாதா கோயில்களில் பார்த்திருப்பீர்கள். காலால் மிதிக்க மிதிக்க உள்ளே துருத்தி வேலை செய்யும், கட்டையை அழுத்தினால் அதற்குரிய பித்தளை நாக்கு அதிர்ந்து பாடும். நான் பார்த்தபோது அதன் துருத்தி கிழிந்து, நாக்குகள் பச்சை பூத்து, பலகையெல்லாம் எங்கள் மலைப் பனியைக் குடித்து உப்பிக் கிடந்தது.

ஐயாவுக்குச் சங்கீதம் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். தெரிந்தவர் ஐயாவின் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதுளைப் பக்கத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் அக்காவின் அப்பா சமையல்காரராக இருந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா பொழுதுபோகாமல் சமையல்காரரின் மகளுக்கு ஆர்கன் பழக்கிவிட்டார். "கல்யாணமாகி இங்கிட்டு வந்ததோட விரலுக்கு வேலையில்லாமப் போச்சு டீச்சர். கனவுல மட்டுந்தான் வாசிக்கிறது" என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். ஐயா அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அக்காவுக்காகத்தான்.

ஞாயிறு தவறாமல் வேலை நடக்கும். ரப்பர் பூசிய பழைய மழைக்கோட்டு ஒன்றை வெட்டித் துருத்திக்கு ஒட்டுப் போட்டார். குடைக்கம்பியை வளைத்து, அதைக் கொண்டு நாக்குகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். உடைந்த நாக்குக்குப் பதிலாகப் பழைய கடிகாரத்தின் பித்தளைத் தகட்டை நறுக்கி, அரத்தால் ராவி, பொருத்திப் பார்ப்பார். அது காகம் மாதிரிக் கத்தும். கழற்றி மறுபடியும் ராவுவார். பக்கத்தில் யாராவது பேசினால் கோபம் வரும். "இம்புட்டுப் பொறுமைய எங்கிட்ட காட்டியிருந்தா நான் எப்பவோ தேறியிருப்பேன்" என்று அக்கா கேலி செய்வார். ஐயாவின் காதில் அது விழாது.

ஆனால் ஒரு கட்டளை இருந்தது. வேலை முடியும்வரை அக்கா அதில் கை வைக்கக் கூடாது. துருத்தி மூச்சுவிடத் தொடங்கி, பெரும்பாலான கட்டைகள் பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் கட்டளை மாறவில்லை. "இப்பிடியே கொஞ்சம் வாசிக்கிறேனேங்க" என்று அக்கா கேட்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "முழுசா ஆகட்டும்" என்பார் ஐயா. வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து போய் அந்த மிதிகட்டையைப் பிடித்து எழுந்து நிற்கவும் தொடங்கிவிட்டது. ஆர்கன் முழுசாகவில்லை.

ஒருநாள் பேய்மழை. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. நான் நனைந்துகொண்டே வீடு திரும்பினேன். ஐயா ஸ்டோரில் இருந்தார். அடுத்த வீட்டிலிருந்து ஆர்கன் சத்தம் கேட்டது. வாசலில் போய் நின்றேன். அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். நாலைந்து கட்டைகள் அப்போதும் ஊமைதான். பாட்டு ஓடிவந்து ஊமைக் கட்டையில் விரல் விழும்போது, அந்த ஒரு சுரத்தை மட்டும் அக்கா வாயால் பாடிவிட்டு அடுத்த கட்டைக்குப் போய்விடுவார். பெட்டி விட்ட இடத்தில் தொண்டை, தொண்டை விட்ட இடத்தில் பெட்டி. எங்கும் பாட்டு அறுந்துபோகவில்லை. சங்கீதம் தெரியாத எனக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தவர் சிறுமி மாதிரி வெட்கப்பட்டார். "அவருகிட்ட சொல்லிராத டீச்சர்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இல்ல, சொல்லு. நீ சொன்னா ஒருவேளை உக்காந்து கேப்பாரு" என்றார்.

அன்று மாலையே சொன்னேன். ஐயா கோபப்படவில்லை. சிரித்தார். "ஓட்டைப் பெட்டியில வாசிச்சா அவளுக்குத்தானே டீச்சரம்மா கேவலம்? எல்லாக் கட்டையும் பேசட்டும். நாப்பது வேலி நெலம் எழுதி வச்ச மாதிரி அவ உக்காந்து வாசிக்கட்டும். தோட்டமே வந்து கேக்கட்டும்" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஊமைக் கட்டைகளும் ஒவ்வொன்றாகப் பேசின. மீதியிருந்தது நாக்குகள் பொருந்தும் பலகை மட்டும். பனிக்காலம் வந்தால் அது உப்பி, ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து முனகும். ஈரம் போனால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தார். ஈரம் போக்குவது அவருக்குத் தெரியாத வேலையா? கொழுந்து குறைந்த ஒருநாளில் அந்தப் பலகையை ஸ்டோருக்குத் தூக்கிப்போய், தேயிலை காயும் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் வெயிலில் வைத்திருப்பார்கள், இல்லை தச்சரிடம் கேட்டிருப்பார்கள். இவர் டீ மேக்கர். தேயிலை பதமானால் மணம் எழும், மணம் எழுந்ததும் இறக்க வேண்டும். பலகைக்கும் அதே மாதிரி மணத்துக்காகக் காத்து நின்றார். மணம் வந்தது. அது பழைய பசை உருகி, மரம் தீயும் மணம். இறக்கியபோது பலகை முனைக்கு முனை வெடித்திருந்தது.

தலவாக்கலையிலிருந்து வந்த தச்சர், ஒட்டித் திருகாணி போடலாம், சில கட்டைகள் மட்டும் இரைக்கும் என்றார். "இரைச்சா இரைக்கட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. ஐயா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பலகையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சாக்கைப் போர்த்தினார். பிறகு அதன் பக்கமே போகவில்லை. கொஞ்ச நாளில் அக்கா மடித்த துணிகளை அதன்மேல் அடுக்கத் தொடங்கினார். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பதம் தப்பிய தூளை ஒருநாளும் வெளியே அனுப்பாத மனிதர், வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டார் என்று இன்று புரிகிறது. புரிந்து என்ன பயன்?

ஐயா ஓய்வு பெற்றதும் இருவரும் திருச்சிப் பக்கம் அவருடைய தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துத் தோட்டம் தோட்டமாகச் சனங்கள் புறப்படத் தொடங்கியிருந்த காலம் அது. ஆர்கனை யாரும் கேட்கவில்லை, அவர்களும் எடுத்துப் போகவில்லை. வழியனுப்ப நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அக்கா ரயில் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். ஐயா பிளாட்பாரத்தில் என்னருகே நின்றார். ரயில் ஊதிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"டீச்சரம்மா, அன்னைக்கு மழையில அவ வாசிச்சான்னீங்களே. எப்பிடி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அக்கா இந்தா இருக்காங்களே. ஒருக்கா பாடச் சொல்லிக் கேளுங்களேன்" என்றேன்.

"எந்த மொகத்தோட கேக்குறது?" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிக்கொண்டார்.

இருவரும் இன்று இல்லை. அவர் கடைசிவரை அக்காவைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை என்பதும் அக்காவின் கடிதத்தில் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் நல்ல நிலையில் உள்ள எத்தனையோ ஆர்கன்களைக் கேட்டுவிட்டேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. அந்த மழைநாள் வாசிப்பு மட்டும் நிற்கிறது. அதைக் கேட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் வாசித்த அக்கா. மற்றவள், ராகம் எது தாளம் எது என்று தெரியாத நான்.