ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்கா

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருடைய கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். இப்படிப்பட்ட கட்டுரையில் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே பொய்யாகப் பட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும். இதைவிடக் கசப்பானதை உங்கள் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அக்கா போயிருக்கிறார்.

வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அவருக்கு ஆறு வயது இளையவன் நான். அப்பாவுக்கு மில்லில் வேலை. அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றுக்கொண்டார். அவர் தைத்த காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இருபது வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது, அதன் பிறகும் எனக்காகத் தைத்தார். மச்சான் திண்டுக்கல் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டியவர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு மழைநாளில் அந்த வண்டியே அவரைக் கொண்டுபோயிற்று. அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன உறவினர்கள் பந்தல் கொள்ளாமல் இருந்தார்கள். நான்காம் நாள் வந்தவர் ஒருவரும் இல்லை.

அக்கா நான் வேலை பார்த்த திண்டுக்கல்லுக்குக் குடிவந்து, பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவர் பாக்கியம். பிறவியிலேயே காது கேளாதவர். பேச்சும் இல்லை. மற்றவர்கள் அவரிடம் பேச வேண்டுமென்றால் தோளைத் தட்டி, துணியைக் காட்டி, அதட்டுவது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து சைகை மொழி கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். சோறு, தண்ணீர், நூல், ஊசி என்று தொடங்கி, மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பாக்கியம் எங்கள் சபைதான். ஞாயிறு தவறாமல் தாயாரோடு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு நாள் அக்கா அவரிடம், அத்தனை நேரம் கோயிலில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். மேலே சுற்றும் ஃபேன்களை எண்ணுவேன் என்று பாக்கியம் சொன்னாராம். இதை அக்காதான் என்னிடம் சொன்னார். ஆண்டவருடைய வீட்டுக்கு இருபது வருடமாக வருகிறவளுக்கு, அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் அவருடைய துக்கம்.

அடுத்த ஞாயிறு அக்கா முதல் வரிசைக்கு எதிரே, சபையைப் பார்த்து நின்று, போதகரின் பிரசங்கத்தைக் கைகளால் பாக்கியத்துக்குச் சொன்னார். ஒருவருக்காகத் தொடங்கியது அந்த வருடமே ஏழு பேருக்கு ஆனது. ஆத்தூரிலிருந்து ஒரு தச்சர், கொடைரோட்டிலிருந்து ஓர் அண்ணன் தங்கை, இன்னும் சிலர். விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து வருவார்கள்.

இந்த ஏழு பேரைத்தான் நம் சபையால் தாங்க முடியவில்லை. முதலில் இளித்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். நம் சொந்தத்தில் ஒரு சித்தி, பெயர் எழுதவில்லை, இன்றைக்கும் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பார், அசன விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி, “புருசன் இல்லாதவ முன்னாடி நின்னு கைய ஆட்டுறா, ஊமையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கு. குடும்பத்துக்கு நல்லாவா இருக்கு?” என்றார். அக்கா அந்த நேரத்தில் அவருடைய இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அப்போதைய சபைச் செயலாளர் அவர்கள் அரசு அதிகாரி. தேவன்கூட மனுக் கொடுத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குள் வர வேண்டும் என்று நினைக்கும் ரகம். அவர் அக்காவைக் கூப்பிட்டு, “ஏம்மா, நீங்க கைய ஆட்டுனா ஜனங்க உங்களப் பாப்பாங்களா, ஆண்டவரப் பாப்பாங்களா?” என்று கேட்டார். அக்கா இடதுபக்கத் தூணோரத்துக்கு நகர்ந்தார். கல்யாண ஆராதனைகளில் அங்கே நின்றால் வீடியோவில் விழுகிறார் என்றார்கள். கடைசியில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. செவித்திறன் இல்லாதவர்கள் வெளி வராண்டாவில் அமரலாம், அங்கே ஒலிபெருக்கி ஒன்று வைக்கப்படும். காது கேளாதவர்களுக்கு ஒலிபெருக்கி! எழுதியவருக்கும் உறைக்கவில்லை, வாசித்தவருக்கும் உறைக்கவில்லை. அதில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் நானும் ஒருவன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், சபைப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மற்ற எட்டுப் பேரைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச நாளில் அந்த ஒலிபெருக்கியும் பழுதானது. சரிசெய்யவில்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அக்காவுக்கே கேட்காததால், அவர் வேதாகமத்தைத் திறந்து அன்றைய பகுதியைத் தாமே எடுத்துச் சொல்லத் தொடங்கினார். உடனே செயலாளர் அவர்கள், அனுமதி இல்லாத ஒரு பெண் ஆலய வளாகத்தில் பிரசங்கம் செய்வதாகக் கடிதம் கொடுத்தார். போதகர் அந்தக் கடிதத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று மட்டும் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

அக்கா அன்றோடு நின்றுவிட்டார். ஐந்து ஞாயிறு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் பார்க்கப் போனபோது தைக்க வேண்டிய துணி மூட்டை கட்டியபடியே கிடந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் மேலும் குறை சொல்லவில்லை. தன்னுடைய ஆசையைத்தான் ஆண்டவருடைய அழைப்பு என்று தப்பாக எண்ணிவிட்டேனோ என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவன் என்ன ஆறுதல் சொல்வது? காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறாம் வாரம் நான் போனபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் வேறாக இருந்தது. என்ன அக்கா என்றேன்.

“நேத்து மத்தியானம் முழங்கால் போட்டேன் தம்பி. இனிமே நான் போறதில்லன்னு ஆண்டவர்ட்ட சொல்லிருவோம்னுதான் போட்டேன். வாயத் தொறந்தா அழுகைதான் வருது, பேச்சு வரல. அப்பறம் பாத்தா என் கை ரெண்டும் அதும்பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கு. போறதில்லங்கிறதக்கூட கையிலதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

செத்த நேரம் தைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். “அவருக்கு அது புரியும்ல? புரியும்னா, கமிட்டிக்குப் புரியலங்கிறதுக்காக நான் ஏன் நிறுத்தணும்?”

எனக்கு அப்படிப்பட்ட விசுவாசம் வாய்த்ததில்லை. ஆனால் அதை நேருக்கு நேர் பார்த்தவன் நான். கோபமோ, வைராக்கியமோ, பழிவாங்கும் எண்ணமோ அதில் ஒரு துளியும் இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்துபோன மனுஷியின் நிம்மதிதான் இருந்தது.

அந்த ஞாயிறு அக்கா மறுபடியும் வராண்டாவுக்குப் போனார். ஆலயத்தைத் திறந்து, மணியடித்து, பூட்டும் கோயில்பிள்ளை அண்ணன், வராண்டாப் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்தார். செயலாளர் அவர்கள் மூடச் சொன்னபோது, கொக்கி துருப்பிடித்துவிட்டது, மூட வரவில்லை என்று கூசாமல் பொய் சொன்னார். எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் சொல்லப்பட்ட பொய்களில் அது ஒன்றுதான் பரிசுத்தமானது. அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒரு காதை உள்ளே கொடுத்துப் பிரசங்கத்தைக் கேட்டு, கைகளால் வராண்டா பெஞ்சுக்குச் சொன்னார் அக்கா. ஐப்பசி மழையில் முதுகு நனையும். சித்திரையில் சிமெண்டுத் தரை சுடும். ஆறு வருடம். போதகர்கள் மூன்று பேர் மாறினார்கள். வராண்டா மாறவில்லை.

பிறகு பாக்கியத்துக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அந்தக் கொடைரோட்டு அண்ணன்தான், அவருக்கும் காது கேட்காது. திருமண ஆராதனையில் போதகர் கேட்கும் கேள்விகள் மணமக்களுக்குப் புரிந்து, அவர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்று புதிதாக வந்த போதகர் கறாராகச் சொல்லிவிட்டார். சபை முழுக்கத் தேடினாலும் அதைச் செய்ய அக்காவை விட்டால் ஆள் இல்லை. செயலாளர் அவர்கள் காரில் வந்து அக்காவின் வீட்டு வாசலில் இறங்கினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “பீடத்துக்கு முன்னாடி வந்து நீங்கதான் செய்யணுமாம்” என்றார், ஏதோ சலுகை கொடுப்பவரைப் போல.

அக்கா கைவேலையை வைத்துவிட்டு எழுந்து நின்று, “அதுக்கென்னங்கய்யா, வாரேன். ஆனா அன்னைக்கு அவுங்க எல்லாரும் உள்ளதான் உக்காருவாங்க. முன்வரிசையில” என்றார்.

அவரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் திருமணம் நடக்காது. அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் மறு ஞாயிறும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

அடுத்த வருடச் சபை ஆண்டுவிழா மலரில், ‘செவித்திறன் குறைந்தோர் ஊழியம்’ என்று ஒரு பக்கம் போட்டார்கள். தொடங்கி நடத்துபவர் என்று செயலாளர் அவர்களின் படமும் பெயரும். அக்காவின் பெயர் நன்றிப் பட்டியலில்கூட இல்லை. மலரைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அக்கா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். “விடு தம்பி. அவரு பேரப் போட்டுட்டாருல்ல, இனிமே அவுங்கள வெளிய அனுப்ப அவரால முடியாது” என்றார். மனிதர்களின் அற்பத்தனத்தை இவ்வளவு லாபமாகப் பயன்படுத்திய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உறவினர்கள் நின்றோம். அக்கா இடது கையால் எங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவருக்கும் புரியவில்லை. முப்பது வருடமாக அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, அதில் ஒரு வார்த்தையைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரா, தலையணையா என்று ஆளுக்கொன்று கேட்டு அவரை வதைத்தோம். கடைசியில் பாக்கியத்துக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி என்னிடம் நீட்டினார்.

‘ஞாயிற்றுக்கிழமை யார் நிற்பது என்று அக்கா கேட்கிறார்கள்.’

நான் என்னைக் காட்டினேன். எந்தத் துணிச்சலில் காட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை. அக்கா என் கைகளைப் பார்த்தார். முகத்தின் ஒரு பாதியால் சிரித்தார். ஒன்பதாம் நாள் காலை அடங்கிவிட்டார்.

அடக்க ஆராதனையில் செயலாளர் அவர்கள் மைக் பிடித்து இருபது நிமிடம் பேசினார். அக்காவை எப்படித் தாம் ஊக்கப்படுத்தி வளர்த்தார் என்பதை விவரித்தார். அதைக் கைகளால் சொல்ல ஆள் இல்லாததால், முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் அந்தப் பொய்யிலிருந்து தப்பினார்கள். அப்போது பாக்கியம் எழுந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, செயலாளருக்கு முதுகைக் காட்டி, தம் ஆட்களிடம் கைகளால் பேச ஆரம்பித்தார். அவர்கள் அழுதார்கள். நடுவில் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சிரித்தார்கள். மைக்கில் பேசியவர் திகைத்துத் தண்ணீர் கேட்டார்.

என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். பாக்கியம் போனில் எழுதிக் காட்டினார். ஆரம்ப நாட்களில் அக்கா, மன்னிப்பதற்கு இஸ்திரி போடும் சைகையைக் காட்டிவிடுவாராம். ஆண்டவர் நம்மை எல்லாம் வரிசையாகப் படுக்க வைத்துத் தேய்க்கப் போகிறார் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தார்களாம்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜன்னலைத் திறந்த கோயில்பிள்ளை அண்ணனுக்கும், பாக்கியத்துக்கும் அவர் கணவருக்கும், அடக்கத்தன்று ஆத்தூரிலிருந்தும் கொடைரோட்டிலிருந்தும் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. செயலாளர் அவர்களுக்கும் நன்றி போடும்படி பாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சார்பில் அச்சிடுகிறேன். என் சார்பில் இல்லை.

ஒரு வருடமாகச் சாயங்காலம் தோறும் பாக்கியத்தின் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். அறுபது வயதுக்கு மேல் விரல்கள் சொன்னபடி வளைவதில்லை. ஆனாலும் ஞாயிறு காலை ஆராதனையில் நான்தான் நிற்கிறேன். உறவினர்கள் யாரும் வந்து பார்க்கலாம், சிரிக்க வேண்டுமென்றாலும் சிரிக்கலாம். முதல் நான்கு வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே உட்கார வேண்டியவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்கள்.

தம்பி