கமலா சேர்த்த கடைசித் தோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கமலாவின் மகள் வித்யா பேசினாள். "ராஜி ஆன்ட்டி, அம்மா போயிட்டா. தூக்கத்திலேயே" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. எனக்கு எந்த மொழியும் வரவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏதோ பால்காரன் இன்று வரமாட்டான் என்று சொன்னதுபோல, சரிம்மா! இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி, அடிப்பிடித்து, வீடு முழுக்கப் புகை. கமலா இருந்திருந்தால், "அழறதுன்னா அடுப்பை அணைச்சுட்டு அழுடி" என்றிருப்பாள்.

புதன்கிழமை அவளைப் பார்க்கப் போவதாக இருந்தேன். திங்கட்கிழமையே வரச்சொன்னாள். பனி கொட்டுகிறது, பஸ் எப்படி வருமோ என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

மான்ட்ரியாலை ஒட்டிய கர்க்லாண்டில் அவள் வீட்டு நவராத்திரிச் சுண்டலைச் சாப்பிடாதவர்கள், இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் குறைவு. டாக்டர் மனைவி என்றும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆன்ட்டி என்றும்தான் அவளை உங்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்பு, பத்து வருடம்போல, அவள் ஒரு டச்சு இசையமைப்பாளருக்கு இசைப் பிரதி எழுதிக்கொடுத்தாள். கூடவே நானும். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னையும் சொல்ல விட்டதில்லை. இனிமேல் என் வாயை அவளால் பொத்த முடியாது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் மான்ட்ரியாலுக்குப் புதிது. அவள் கணவருக்கு ஆஸ்பத்திரி வேலை, என் கணவருக்கு டோர்வல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. ஒரே கட்டடத்தில் மேல் மாடியில் அவள், கீழே நான். மெட்ராஸில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தியவளுக்கு இங்கே யாரும் வேலை தரத் தயாராக இல்லை. பிரெஞ்சும் தெரியாது. ஒருநாள் ஓர் இசைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில், மேல்நாட்டு இசைக் குறிகளைப் படியெடுக்க நல்ல கையெழுத்து உள்ளவர் தேவை என்று ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"நமக்கு அந்த நோட்டெல்லாம் என்ன தெரியும்?" என்றேன்.

"கிராஃப் பேப்பர் மாதிரிதான்டி இருக்கு. ஸ்வரம் ஏறினா புள்ளி மேலே, இறங்கினா புள்ளி கீழே. கிளம்பு."

அவள் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதற்குள் அவள் என்னை எத்தனை முறை 'மக்கு' என்றாள் என்று இங்கே எழுதப்போவதில்லை.

சீட்டை ஒட்டியவர்தான் அந்த டச்சு இசையமைப்பாளர், வில்லெம். நெடுநெடுவென்ற உயரம், எந்நாளும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு வாய் வரவில்லை, கடைசிவரை 'சார்'தான். அவருடைய இசையை முதன்முதலில் கேட்டபோது, பாத்திர அலமாரி சரிந்து விழுந்ததுபோல் இருந்தது. வெளியே வந்ததும் சிரித்தேன். கமலா சிரிக்கவில்லை. "பிடிக்கறதும் பிடிக்காததும் அப்புறம். முதல்ல எண்ணிப் பாரு" என்றாள். எண்ணிப் பார்த்தால் எல்லாம் கணக்காக இருந்தது. அன்றிலிருந்து நானும் எண்ணித்தான் கேட்கிறேன், அவர் இசையை மட்டுமல்ல.

வேலை இதுதான். அவர் பென்சிலில் கிறுக்கியதை நாங்கள் கண்ணாடிபோன்ற மெல்லிய தாளில் கறுப்பு மசியால் எழுத வேண்டும். தப்பு வந்தால் அழிப்பான் உதவாது. பாதியாக உடைத்த சவரப் பிளேடால் மசியைச் சுரண்டி எடுக்க வேண்டும், தாள் கிழியாமல். கமலா டாக்டருடைய பிளேடுகளை எடுத்துவிடுவாள். அவர் பாதி முகச் சவரத்தோடு வந்து, "இந்த வீட்ல சங்கீதம் வளருதோ இல்லையோ, என் தாடி வளருது" என்பார்.

எழுதியதைச் சரிபார்க்கும் முறை எங்களுடையது. கமலாவின் அண்ணன் மிருதங்கம் கற்றபோது இவள் பக்கத்து அறையில் இருந்து சொற்கட்டெல்லாம் பாடம் பண்ணிவிட்டாள். நான் வீணை கற்றவள், தாளம் தப்பாது. அதனால் அவள் ஒவ்வொரு வரியையும் தகதிமி தகிட என்று சொல்லிக்கொண்டே போக, நான் தொடையில் தாளம் போடுவேன். எங்காவது உதைத்தால் அங்கே தப்பு இருக்கும். வில்லெம் ஒருமுறை கதவோரம் நின்று இதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் எந்த இசையமைப்பாளனுக்கும் இப்படி ஒரு பாக்கியம் கிடையாது என்றார்.

இப்போது பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாட்டில், புதிதாக எழுதப்படும் செவ்வியல் இசைக்காக டச்சு இசையமைப்பாளர்களுக்கு மட்டும் ஒரு தேசியப் பரிசு இருந்தது. இங்கே வந்து பல வருடம் ஆகியும் அவர் கனடாக் குடியுரிமை வாங்கவில்லை. "அங்கே என்னைக் கனடாக்காரன் என்கிறார்கள், இங்கே டச்சுக்காரன் என்கிறார்கள். ஒருமுறையாவது அங்கிருந்து யாராவது, இவன் எங்கள் ஆள் என்று சொல்ல வேண்டும்" என்பார். அதைக் கேட்கும்போது எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருக்கும். எங்களைத்தான் யார் அப்படிச் சொன்னார்கள்?

எழுபதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரியில் அவர் அந்தப் பரிசுக்கென்று ஒரு பெரிய இசையை முடித்தார். முடித்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டார். கடைசித் தேதி நெருங்கியது. நாங்கள் கமலாவின் சாப்பாட்டு மேசையில் எழுதிக் குவித்தோம். கடைசிப் பக்கத்தில் பெரிய முரசும் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியங்களும் ஒரே சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்க வேண்டும். கமலா சொல்லிப் பார்த்தாள்: தகதிமி தகிட தோம், தகதிமி தகிட தோம், தகதிமி தகிட.

என் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"கடைசித் தோம் எங்கடி?" என்றேன்.

"காய்ச்சல்ல விட்டுட்டார்போல. மூணு தரம் சொல்றது எதுக்கு, சமத்துல வந்து விழத்தானே?"

தாளத்தின் முதல் அடியில், சமத்தில், வந்து விழாத முத்தாய்ப்பை நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இரண்டு தோம் எழுதியவருக்கு மூன்றாவது தோம் கைநழுவிவிட்டது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் எழுதினாள், நான் தாளம் போட்டேன், ஜம்மென்று சமத்தில் விழுந்தது. வில்லெம் போர்வைக்குள்ளிருந்தபடியே, "உங்கள் கையை நம்புகிறேன்" என்று கையெழுத்துப் போட்டார். டோர்வல் விமான நிலையத்துக்கே போய் விமானத் தபாலில் சேர்த்துவிட்டு, ஆளுக்கொரு காபி குடித்தோம்.

இரண்டு ஞாயிறு கழித்து, உடம்பு தேறியதைக் கொண்டாட மதியம் சில நண்பர்களை அழைத்திருந்தார். எங்களையும் அழைத்தார். கடைசிப் பகுதியைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். என் கை தானாகத் தாளம் போட்டது. தகதிமி தகிட தோம், தகதிமி தகிட தோம், தகதிமி தகிட. வில்லெம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தோம் வரவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கமலாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

திரும்பும்போது மெட்ரோவில் நான் சொன்னதை இன்று மறைத்தால் இந்த அஞ்சலிக்கு அர்த்தம் இல்லை.

"பேசாம இரு கமலா. ஒரே ஒரு அடி. அது யாருக்குத் தெரியப்போகுது?"

"நமக்குத் தெரியுமே."

"சொன்னா வேலையும் போகும், மானமும் போகும்."

"போனா போகட்டும். அவருடைய பாட்டுல நான் நுழைஞ்சுட்டேன்டி. கேட்டுட்டு நுழைஞ்சிருக்கணும்."

அடுத்த நாளே போய்ச் சொன்னாள். நான் பின்னால் நின்றேன், கதவுக்குப் பக்கமாக. அவர் எழுந்து பியானோவுக்குப் போய், அவள் சேர்த்த தோமோடு ஒருமுறை வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது என் அம்மாவுக்காக எழுதியது. அவள் போனபோது நான் இங்கே இருந்தேன். கடைசி அடிக்கு நான் அங்கே இல்லை. அதனால் அதை எழுதவில்லை."

கமலா அழுது நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். அவளுடைய அப்பா நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் மெட்ராஸில் போனார். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று அவள் குளித்துவிட்டு வந்து, அரிசி களைந்து உலை வைத்தாள். அந்த அழுகையை இவ்வளவு வருடம் எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும் சார்" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு அது புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

திருத்திய பக்கத்தை அன்றே எழுதி அனுப்பினோம். நடுவர்களிடமிருந்து மரியாதையான பதில் வந்தது: கடைசித் தேதிக்குப் பிறகு மாற்றம் கூடாது; அனுப்பியபடியே பரிசீலிக்கலாம், அல்லது திரும்பப் பெறலாம். கமலா கெஞ்சினாள். அப்படியே விட்டுவிடுங்கள், என்னால் உங்கள் பரிசு போகக் கூடாது என்றாள். வில்லெம் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டே, "அந்தத் தோமுக்குப் பரிசு கிடைத்தால் மேடை ஏற வேண்டியவர் நீங்கள். உங்களுக்கு டச்சு வராது" என்றார். திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வருடப் பரிசு வேறொருவருக்குப் போனது.

கமலா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. வெளியே வில்லெம், கையில் பென்சிலில் கிறுக்கிய ஒரு தாள் கட்டு. "அடுத்தது" என்று நீட்டினார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். இன்னொரு இசை, அதே பரிசுக்கு. கடைசிப் பக்கத்தை எடுத்த கமலா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ராஜி, இதுல தோம் இருக்குடி. மூணும் இருக்கு. சமத்துல விழுது."

"நல்லதுதானே, எழுது."

"கேட்காம எப்படி எழுதறது?"

தொலைபேசியில் கேட்டாள்: "சார், கடைசியில் ஒரு அடி அதிகமாக இருக்கிறதே, தெரிந்துதான் எழுதினீர்களா?" அவர் சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. பேத்தி பிறந்த வேளையில் அவர் அங்கே போய் மகள் பக்கத்தில் இருந்தாராம். "இந்த முறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அதனால் எழுதினேன். எப்படி எழுதுவது என்பதை உங்கள் தப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்" என்றார்.

அந்த இசைக்குத்தான் பரிசு வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் கமலாவின் சமையலறைக்குள் வந்து நின்றார். அவள் முதலில் தரையைப் பார்த்து, "ஐயோ, இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அன்று கேசரி கிளறினோம். பரிசு வென்ற இசையமைப்பாளர் மூன்று தட்டு சாப்பிட்டார்.

வில்லெம் பிறகு தன் ஊருக்கே திரும்பிப் போய், அங்கேயே காலமானார். கமலா கர்க்லாண்டுக்குக் குடிபோனாள். இசைப் பிரதி எழுதும் கை, பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தியது. உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவள் சிவப்பு மசியைத் தொடுமுன் "இதை ஏன் இப்படிப் போட்டே?" என்று ஒருமுறை கேட்டிருப்பாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

காரியங்கள் முடிந்தபின் வித்யா அவளுடைய எழுதுபெட்டியை என்னிடம் கொடுத்தாள். உள்ளே மசி காய்ந்த இரண்டு பேனா, ஒரு உடைத்த பிளேடு. பிளேடை நான் வைத்துக்கொண்டேன். அதோடு அவளுடைய 'கேட்காம எப்படி எழுதறது'வையும். மெட்ரோவில் நான் சொன்ன வார்த்தைக்காக அவள் என்னை ஒருநாளும் குத்திக்காட்டாததையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

அவளிடமிருந்து எனக்கு வந்த அந்தச் சாப்பாட்டு மேசைமுன் நேற்று தனியாக உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன். தகதிமி தகிட தோம். தகதிமி தகிட தோம். தகதிமி தகிட. திங்கட்கிழமை வரச்சொன்னாள், நான் போகவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.