சிவப்புக் கால் கரண்டிவாயன்

மே மாதத்தில் வற்றத் தொடங்கும் குளத்துச் சேறு, வெயில் ஏறுவதற்கு முன் ஒரு வாசனை விடும்; பாசியும் நத்தை ஓடும் கலந்த, மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு ஜெசிந்தாவின் நினைவு வந்துவிடும். அவளிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவாள்.

அண்ணாமலை நகர் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பின்னால் ஓடைக்கரையில் ஒரு சின்னப் பூங்கா. உடைந்த சறுக்கு மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், நடுவில் குளம். 2007-08இல், ஆறாம் வகுப்பு முழுவதும், பள்ளிக்கு முன் அரை மணி நேரம் அங்கேதான் பறவை பார்த்தோம். வாட்ச்மேன் மாமா, கோடையில் முழங்கால் அளவுக்கு வற்றிய பிறகும், "தண்ணி ஜாஸ்தி, கிட்ட போவாதீங்க புள்ளைங்களா" என்று விடாமல் கத்துவார். "பரிச்சையில கொக்கப் பத்தியா கேக்கப் போறாங்க?" என்பது என் அம்மாவின் தினசரிக் கேள்வி.

எங்கள் "பறவ நோட்டு"க்குக் கடுமையான சட்டம் உண்டு. ஒருத்தி பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவள் தன் கண்ணால் கண்ட ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். நான் "நாமக்கோழி" என்றால் அவள் "நெத்தியில வெள்ள" என்பாள். அடையாளம் இல்லையென்றால் பறவையும் இல்லை. எங்களிடம் இருந்த பழைய பறவைப் புத்தகத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். நான் படம் மட்டும் பார்ப்பவள், எழுத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது. ஜெசிந்தாவோ எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அலகின் நிறம், காலின் நிறம் ஒன்றுகூடத் தப்பாது.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் அம்மாவுக்குக் கடலூரில் டீச்சர் வேலை கிடைத்தது. பஸ்ஸில் சென்றால் அதிக தூரமில்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏற விடாத பதினொரு வயதில் கடலூரும் வெளிநாடுதான். போவதற்குள் ஐம்பது பறவை பார்த்துவிடுவது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

கடைசி நாள் காலையில் நோட்டில் நாற்பத்தொன்பது இருந்தன. குளத்திலோ தினமும் பார்க்கும் அதே மடையான் கொக்குகள். வீட்டு வாசலில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று அக்கரையைக் காட்டி, "கரண்டிவாயன்டி! அதோ பறந்து போவுது பாரு!" என்றேன். அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

ஜெசிந்தா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாத்தேன்டி. கால் நல்லா செவப்பு" என்று சொல்லி, உருண்டை எழுத்தில் ஐம்பது என்று போட்டு எழுதினாள். நோட்டை அவளே கொண்டுபோனாள்.

கடலூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவதன் முடிவில், "செவப்புக் கால் கரண்டிவாயன் மறுபடி வந்துச்சா?" என்று கேட்டிருந்தாள். இவ்வளவு நம்புகிறவளிடமா புளுகினேன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையை எழுதத் தைரியம் இல்லை; இன்னொரு பொய் எழுதவும் மனம் வரவில்லை. பதிலே போடவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை.

போன மார்கழியில் கடலூருக்குப் பக்கத்து ஏரி ஒன்றில் நிஜக் கரண்டிவாயன்களை முதல்முறையாகப் பார்த்தேன். அம்மாவின் சாம்பார்க் கரண்டியைப் போன்ற அலகால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. கால்கள் கன்னங்கரேலென்று இருந்தன. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவள் கால் நிறத்தைத் தவறிச் சொல்லியிருக்கவே மாட்டாள். என் பொய்யை அவள் அப்போதே கண்டுபிடித்து, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். கடிதத்தில் கேட்டது கிண்டல். அது புரியாமல், நான்தான் அவளை விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் குளத்தைத் தூர்த்து வண்டி நிறுத்துகிறார்கள். ஓடையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. சேற்று வாசனைகூட இல்லை. அந்தக் கடிதங்களும் வீடு மாறியதில் தொலைந்துவிட்டன. அவளுக்கு நான் எழுத வேண்டிய பதில் ஒரே வரிதான்: "வரலடி. நீ இல்லாம அது எப்படி வரும்?" அனுப்ப முகவரி இல்லை.